ஃபீடிங் டாப்ஸுக்குப் பேட்டர்னை எங்கே வெட்டுவது?

கேள்வி இதுதான்: நன்றாகப் பொருந்தும் இரண்டு மூன்று டாப்ஸ் பேட்டர்ன்களும் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகள்) ஒரு ஃப்ராக் பேட்டர்னும் கையில் இருக்கின்றன. குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. ரெடிமேடாக வாங்கிய ஃபீடிங் டாப்ஸ் ஒன்று மார்பில் பிடிக்கிறது, இன்னொன்று தோளில் நழுவுகிறது. பழைய பேட்டர்னிலேயே திறப்பு வைத்துத் தைக்க முடியுமா? முடியும் என்றால் எங்கே வெட்டுவது?

முடியும். புதுப் பேட்டர்ன் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு உடுப்பில் சரிசெய்யக் கஷ்டமான இடங்கள் தோள், கழுத்து, கை சேரும் வளைவான ஆர்ம்ஹோல் மூன்றும்தான். அவை உங்களுக்கு ஏற்கெனவே சரியாக உட்காருகின்றன. குழந்தை பிறந்ததால் அவை பெரிதாக மாறிவிடுவதும் இல்லை. மாற்ற வேண்டியது முன் பாகம் மட்டும். பின் பாகம், கை, காலர் எதையும் தொட வேண்டாம்.

ஆனால் முன் பாகத்தில் எங்கே திறப்பு என்பதை வெட்டும் மேசையில் நின்றுகொண்டு முடிவு செய்யாதீர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். நான் முதன்முதலில் தைத்த ஃபீடிங் டாப்ஸில் கழுத்திலிருந்து நேராகக் கீழே 7 இன்ச்சுக்கு ஒரு ஜிப் வைத்தேன். ஹேங்கரில் மாட்டிப் பார்த்தபோது அவ்வளவு அழகு. உட்கார்ந்து பால் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது: நடுவில் திறந்தால் துணி முழுவதையும் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னர் வேறு சரியாகக் குழந்தையின் கன்னத்தில் போய் அழுத்தியது. பால் குடித்து முடித்து முகத்தைத் திருப்பினால், கன்னத்தில் ஜிப் பல் தடம். மூன்றாம் நாளே பிரித்துவிட்டேன்.

அதனால் முதல் வேலை இது. இனிமேல் போடப் போவதில்லை என்று ஒதுக்கிவைத்த டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பால் கொடுக்கும் இடத்தில், வழக்கமாக உட்காரும் விதத்திலேயே உட்காருங்கள். அளவெடுக்கும்போது நிமிர்கிற மாதிரி நிமிர வேண்டாம். காம்பு இருக்கும் இடத்தில் டி-ஷர்ட்டின் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். நின்று எடுத்த அளவைவிட இந்தப் புள்ளி கீழே இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம். அப்புறம் குழந்தையைப் பிடித்துப் பாருங்கள். இடது மார்பில் கொடுக்கும்போது இடது கை குழந்தையைத் தாங்கும், வலது கைதான் திறக்க வேண்டும். குறுக்காகப் படுக்கவைத்தால் குழந்தையின் தலை உங்கள் முழங்கை மடிப்பில், அதாவது வெளிப்பக்கம் இருக்கும். ஃபீடிங் பிரா போடுபவர் என்றால் கப்பை இறக்கும் கொக்கி புள்ளிக்கு மேலே, பட்டி சேரும் இடத்தில் இருக்கும். அந்தக் கொக்கி வரைக்கும் உங்கள் கை போக வேண்டும். இத்தனையும் கணக்கில் கொண்டு டி-ஷர்ட்டில் ஒரு கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டியே பாருங்கள். போதாவிட்டால் இன்னும் அரை இன்ச் வெட்டுங்கள். என் உடம்புக்குப் புள்ளிக்கு மேலே 3 இன்ச், கீழே 4½ இன்ச், ஆக 7½ இன்ச் திறப்பு தேவைப்பட்டது. 7 இன்ச்சுக்குக் குறைந்து யாருக்கும் வசதிப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். இரவும் அதில் சேர்த்தி. திறக்க இரண்டு கை கேட்கும் உடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே தூங்கும்.

இனி அளவு. ஏழு வாரம் என்கிறீர்கள், நல்ல நேரம். முதல் சில வாரங்களில் பால் கட்டிக்கொண்டு அளவு தாறுமாறாக ஏறி இறங்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு படிந்துவிடும். அதற்கு முன் எடுத்த அளவை நம்பித் தைத்தால் பெரும்பாலும் பிரித்துத்தான் தைக்க வேண்டிவரும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, மார்பு நிறைந்திருக்கும்போது அளவெடுங்கள். குடித்து முடித்த பின் எடுத்தால் டேப் குறைவாகக் காட்டும், தைத்த பிறகு உடுப்பு பிடிக்கும். மார்பை ஒரே இடத்தில் அழுத்துகிற இறுக்கம் பால் கட்டிக்கொள்ள ஒரு காரணமாகலாம் என்று மருத்துவர்களும் சொல்வார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் தளர்வின் பக்கம் சாயுங்கள்.

இரண்டு சுற்றளவு வேண்டும். ஒன்று, அக்குளுக்குச் சற்றுக் கீழே, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றி எடுக்கும் மேல்மார்பு. இன்னொன்று, மார்பின் உயர்ந்த இடத்தில் எடுக்கும் முழு மார்பு. பேட்டர்ன் சைஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மேல்மார்பை வைத்து. பலர் முழு மார்பை வைத்து இரண்டு சைஸ் பெரியதாக வெட்டிவிடுகிறார்கள். தோள் நழுவுவதும், கழுத்து அகண்டு கிடப்பதும் அதனால்தான். நீங்கள் வாங்கிய இரண்டாவது டாப்ஸின் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, உங்கள் பழைய பேட்டர்ன் 36 மார்புக்கு வரைந்தது, இப்போது 39 இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3 இன்ச். அது முழுவதும் முன் பாகத்துக்குத்தான் வேண்டும், காகிதத்தில் இருப்பது பாதி முன் பாகம் என்பதால் அதற்கு 1½ இன்ச். முன் பாகத்தை வேறு காகிதத்தில் நகல் எடுங்கள், அசலைத் தொடாதீர்கள். பக்கவாட்டு டாட் (உருவத்துக்காக முக்கோணமாக மடித்துத் தைக்கும் இடம்) குறிவைக்கும் மார்பு முனையை, தையல்காரர்கள் பாயிண்ட் என்று சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து குறித்த புள்ளி அதைவிடக் கீழே இருந்தால், நின்றபடி ஒருமுறை சரிபார்த்து, பாயிண்டையும் டாட்டையும் சேர்த்து இறக்குங்கள். பெரும்பாலும் அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் வரை இறங்கும். பாயிண்டிலிருந்து கீழ் விளிம்பு வரை நேர்கோடு ஒன்று. பாயிண்டிலிருந்து ஆர்ம்ஹோலின் கீழ்ப்பகுதிக்குச் சாய்கோடு ஒன்று. டாட்டின் நடுவே பாயிண்ட் வரை இன்னொன்று. கீழ் விளிம்பிலிருந்து வெட்டிக்கொண்டு போய் பாயிண்டில் திரும்பி ஆர்ம்ஹோல் வரை வெட்டுங்கள், கடைசியில் ஒரு நூலளவு காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். டாட் கோட்டையும் பாயிண்டில் அதேபோல ஒட்டவிட்டு வெட்டுங்கள். இப்போது நேர்கோட்டின் இரண்டு பக்கமும் சமமாக 1½ இன்ச் விலகும்படி விரியுங்கள். டாட் தானாக அகலமாகும். பக்கவாட்டுப் பகுதி நடுப்பகுதியைவிடக் கீழே இறங்கி நிற்கும். நடுப்பகுதியைக் குறுக்கே வெட்டி அந்த அளவுக்கு இறக்கி, அடியில் காகிதம் வைத்து ஒட்டிவிடுங்கள்.

வழக்கமாக இந்த மாற்றம் செய்பவர்கள் இடுப்பில் கூடிவிட்ட 1½ இன்ச்சை டாட் போட்டு எடுத்துவிடுவார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் வயிறு தன் வேகத்தில்தான் உள்ளே போகும், அதுவரை அந்தத் துணி தேவைப்படும். பக்கத் தையலில் உள்ளே 1 இன்ச் துணி விட்டுத் தைத்தால் பின்னால் பிடித்துக்கொள்ளவோ பிரித்துவிடவோ வசதி. டி-ஷர்ட் துணி போல இழுபடுவது என்றால் இத்தனை கஷ்டமே இல்லை. மேல்மார்பு சைஸில் வெட்டி, மார்பிடத்தில் பக்க ஓரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினாலே பாதி வேலை முடிந்தது.

சரி, திறப்புக்கு வருவோம். எனக்கு இதில் ஒரே ஒரு விதிதான்: ஏற்கெனவே தையல் ஓடும் இடத்தைத் திற. முழுத் துணியில் புதிதாக ஒரு வெட்டு வெட்டினால் அதை மறைக்கப் பட்டி வேண்டும், விறைப்புக்கு உள்ளே கான்வாஸ் வேண்டும், அப்படியும் அது தனியாகத் தெரியும். தையலுக்குள் மறைந்த திறப்பு வெளியே தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் பேட்டர்னில் முதலில் பார்க்க வேண்டியது, மார்பை ஒட்டி எந்தத் தையல் போகிறது என்பதைத்தான்.

பிரின்சஸ் கட், அதாவது மார்பின் மேலாக நெடுக்கே தையல் ஓடும் பேட்டர்ன் ஒன்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தோளிலிருந்து தொடங்கும் பிரின்சஸ் கட் இன்னும் நல்லது. ஆர்ம்ஹோலிலிருந்து தொடங்குவதில் வளைவு அதிகம், ஜிப் நெளியும். ஒரே ஒரு சிக்கல், பிரின்சஸ் தையல் சரியாகப் பாயிண்டின் மேல்தான் ஓடும். அதில் ஜிப் வைத்தால் அதன் பற்கள் காம்பின் மேலேயே உட்காரும். பால் கொடுக்கும் தாய்க்கு அந்த உராய்வு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே மார்பிடத்தில் தையலை 1 இன்ச் வெளிப்பக்கம் நகர்த்துங்கள். பக்கத் துண்டின் காகிதத்தில் 1 இன்ச் வெட்டி எடுத்து, அதையே நடுத் துண்டில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். மேலும் கீழும் பழைய கோட்டோடு மெல்ல இணைத்துவிடுங்கள். 1 இன்ச் வரை நகர்த்தினால் உருவம் கெடாது. அதற்குமேல் போனால் மார்பிடம் தட்டையாகிவிடும்.

ஜிப் இன்விசிபிள் ரகமாக, அதாவது மூடினால் பல் வெளியே தெரியாததாக இருக்கட்டும். 7½ இன்ச் திறப்புக்கு 9 அல்லது 10 இன்ச் ஜிப் இரண்டு வாங்குங்கள், ஏனென்றால் ரன்னர் போய் நிற்கவும் முனையைக் கட்டவும் இடம் வேண்டும். தையலுக்கு விடும் துணியை அந்தத் தையலில் மட்டும் முக்கால் இன்ச்சாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜிப் வரும் இடத்தில் துணியின் உட்புறம் ஒரு இன்ச் அகலத்துக்கு மெல்லிய ஒட்டு கான்வாஸ். அதற்குப் பிறகுதான் ஜிப். மேலும் கீழும் உள்ள தையலை முதலில் போட்டுவிட்டு நடுவில் ஜிப்பைத் திணிக்கப் பார்க்காதீர்கள். இன்விசிபிள் ஜிப்பை முதலில் தைத்து, மீதித் தையலைப் பிறகு மூட வேண்டும். ஜிப்பின் சுருள் பல்லை இஸ்திரிப் பெட்டியின் குறைந்த சூட்டில் நிமிர்த்திவிட்டுத் தைத்தால் பல்லை ஒட்டித் தைக்க முடியும். வளைவு குறைந்த நடுத் துண்டில் முதலில் தையுங்கள். வளைவு கூடிய பக்கத் துண்டை ஊசி நூலால் கையில் ஓட்டிப் பொருத்திவிட்டு, அப்புறம் மெஷினில் வையுங்கள். கையில் ஓட்டாமல் நேரே மெஷினுக்குப் போனால் ஒரு பக்கம் கால் இன்ச் நீண்டு, சுருங்கி நிற்கும். எத்தனை வருடம் தைத்திருந்தாலும் நான் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில்லை.

ஜிப்பைத் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். அதாவது மூடியிருக்கும்போது ரன்னர் கீழே இருக்க வேண்டும், திறக்க மேலே இழுக்க வேண்டும். சாதாரணமாக வைத்தால் திறந்ததும் ரன்னர் கீழே வந்து குழந்தையின் முகத்தருகே நிற்கும். தலைகீழாக வைத்தால் அது மேலே, கன்னம் படாத இடத்துக்குப் போய்விடும். தேவையான அளவுக்கு மட்டும் கீழிருந்து திறந்துகொள்ளலாம், மேல் பாதி மூடியே இருக்கும். மூடும்போது ரன்னரின் எடையும் கீழ்நோக்கியே இழுப்பதால் தானாகத் திறந்துகொள்ளும் பயமும் குறைவு. ரன்னர் வந்து நிற்கும் கீழ் முனையில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சின்னத் துணிப் பை தைத்தால் உலோகம் யார் தோலிலும் படாது. உட்புறம் 1½ இன்ச் அகலத்தில் மென்மையான பருத்திப் பட்டி ஒன்றை ஜிப்பின் ஒரு ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள், பற்களுக்கும் உங்களுக்கும் நடுவே அது திரைபோல நிற்கும்.

பிரின்சஸ் கட் இல்லாத, பக்க டாட் மட்டும் உள்ள தளர்வான டாப்ஸ் என்றால் ஜிப்பே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. தோளின் நடுவிலிருந்து பாயிண்டுக்கு 1 இன்ச் வெளியே கீழ்வரை நேர்கோடு போட்டு, முன் பாகத்தின் காகிதத்தை இரண்டாக வெட்டுங்கள். இரண்டு துண்டிலும் தையலுக்குத் துணி சேருங்கள். நடுத் துண்டில் மட்டும் கூடுதலாக 2 இன்ச் விடுங்கள், அதை மடித்தால் 1 இன்ச் ஆழமுள்ள மடிப்பு வரும். மடிப்பு வெளிப்பக்கம் பார்த்துப் படிந்து, தையல் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். தையலில் 7½ இன்ச்சைத் தைக்காமல் விட்டு, ஓரங்களை உருட்டி மடித்து, நடுவில் ஒரே ஒரு பிரஸ் பட்டன். தோள் முதல் கீழ்வரை மடிப்பு ஓடுவதால் பார்ப்பவர்கள் அதை டிசைன் என்றே நினைப்பார்கள். உடம்பை ஒட்டிய உடுப்பில் இது எடுபடாது. மடிப்பு விரிந்து உள்ளே தெரியும்.

எனக்குப் பிடித்தது இரண்டடுக்கு முறைதான், அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மேலே ஒரு மடல், அடியில் ஒரு கீழ்ப்பாகம், இரண்டும் மார்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மடலைத் தூக்கினால் மார்பு, ஆனால் வயிறு தெரியாது. ஜிப் இல்லை, பட்டன் இல்லை, தூக்கத்திலும் ஒரு கையால் திறக்கலாம். யோசனையும் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் போட்ட கார்செட்டில்கூட, பால் கொடுப்பதற்கென்று பட்டன் போட்ட மடல் வைத்துத் தைத்தவை இருந்தன. இடுப்பை இறுக்கும் கார்செட்டிலேயே வழி கண்டவர்கள் இருக்கும்போது நமக்கு ஒரு டாப்ஸ் பெரிய விஷயமில்லை.

வரைவது இப்படி. உங்கள் முன் பாகத்தில் மார்பு முடிந்து விலா தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பாயிண்டிலிருந்து எத்தனை இன்ச் கீழே என்பதை உங்கள் உடம்பில் அளந்துதான் போட வேண்டும். இதை அடிமார்புக் கோடு என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த முன் பாகத்தை இரண்டு நகல் எடுங்கள்.

முதல் நகல் மடல். கழுத்து, தோள், ஆர்ம்ஹோல், டாட் எல்லாம் பேட்டர்னில் உள்ளபடியே. கீழ் விளிம்பு மட்டும் அடிமார்புக் கோட்டுக்கு 2 இன்ச் கீழே முடியும், மடித்துத் தைக்க இன்னும் 1 இன்ச். இரண்டாம் நகல் கீழ்ப்பாகம். முதலில் காகிதத்தில் டாட்டை மடித்து மூடி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கத் தையலின் நீளம் பின் பாகத்தோடு ஒத்துவராது. மேல் விளிம்பு நடுவில் கோட்டுக்கு 1 இன்ச் மேலே, பக்க ஓரத்தில் 2 இன்ச் மேலே, இடையில் மெல்லிய வளைவு. அதற்குமேல் உள்ளதை வெட்டி எறிந்துவிடலாம். நடுவில் 2 இன்ச்சும் 1 இன்ச்சும் சேர்ந்து 3 இன்ச் படிமானம் கிடைக்கும்.

அந்த 3 இன்ச் போதுமா என்று தைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். துண்டுகளை ஊக்குப் போட்டு உடம்பில் பொருத்தி, கண்ணாடி முன் நின்று, மேல் தட்டிலிருந்து எதையோ எடுப்பதுபோல இரண்டு கையையும் தூக்குங்கள். மடல் மேலே ஏறும். ஏறிய பிறகும் ஒரு விரல் அகலமாவது படிந்திருந்தால் சரி. இல்லையென்றால் மடலை நீட்டுங்கள், கீழ்ப்பாகத்தை உயர்த்த வேண்டாம். கீழ்ப்பாகம் உயர உயரக் குழந்தையின் வாய்க்கும் மார்புக்கும் நடுவே துணி வந்து நிற்கும்.

கீழ்ப்பாகத்தின் மேல் விளிம்பில் கால் இன்ச் எலாஸ்டிக் அவசியம். விளிம்பு 20 இன்ச் இருந்தால் எலாஸ்டிக் 18 இன்ச். இது இல்லாவிட்டால் இரண்டு துவைப்பில் விளிம்பு தொங்கி, மடலின் அடியில் பை மாதிரி உப்பிக்கொண்டு தெரியும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. இழுபடாத பருத்தித் துணியில் மடலின் பக்க ஓரத்தைக் கீழ்வரை தைத்துவிட்டால் அப்புறம் மடலைத் தூக்கவே முடியாது, பக்கத் தையல் பிடித்து நிறுத்தும். மடலின் பக்க ஓரத்தில் கடைசி 3 இன்ச்சைத் தைக்காமல் தனியாக மடித்து விட்டுவிடுங்கள். தைத்த இடம் கோட்டுக்கு 1 இன்ச் மேலே நிற்கும். கீழ்ப்பாகமோ பக்கத்தில் 2 இன்ச் மேலே வருகிறது. ஆகவே அங்கே உடம்பு தெரியாது. டி-ஷர்ட் துணி என்றால் இந்தப் பிளவு தேவையில்லை, துணியே இழுத்துக்கொடுக்கும்.

ஃப்ராக் பேட்டர்னுக்கும் இதே முறைதான். டாப்ஸைப் போல அடியிலிருந்து சுருட்டித் தூக்க முடியாத உடுப்பு என்பதால் அதற்குத்தான் திறப்பு இன்னும் அவசியம். உங்கள் ஃப்ராக்கில் இடுப்புத் தையல் இருந்தால் அந்தத் தையலை அடிமார்புக் கோட்டுக்கு உயர்த்திவிடுங்கள். மேல் துண்டில் எத்தனை இன்ச் குறைத்தீர்களோ அத்தனையைக் கீழ்ப் பாவாடைத் துண்டில் சேர்க்க வேண்டும். அந்தத் தையலுக்கு மேலே மடல் படிந்துகொள்ளும், பார்க்க உயர்ந்த இடுப்பு ஃப்ராக் போலவே இருக்கும். முதுகில் ஜிப் வைத்த ஃப்ராக் என்றால் முன்பக்கத் திறப்பு வந்த பிறகும் அந்த ஜிப் இருக்கட்டும். தலைவழியாகப் போட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும்.

குறுக்கே மடித்துப் போடும் ராப் மாதிரி டாப்ஸ் உங்களிடம் இருந்தால், திறப்பு அதிலேயே இருக்கிறது. பிரச்சினை வேறு. குனிந்தால் கழுத்து விளிம்பு வாயைப் பிளந்து நிற்கும். அந்த விளிம்பு கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக ஓடுவதால் தைக்கும்போதே நீண்டுவிடும். வெட்டியவுடன் விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். பேட்டர்னில் அந்த விளிம்பின் நடுவே அரை இன்ச் அகலத்துக்கு, பாயிண்டில் முனை முடியும்படி ஒரு மடிப்பு மடித்தெடுத்து, பக்க டாட்டில் அதைத் திறந்துவிட்டால் பிளப்பு பெரும்பாலும் நின்றுவிடும். உட்புறம் ஒரு பிரஸ் பட்டன். அவ்வளவுதான்.

சட்டை மாதிரி முன்பட்டன் வைத்த பேட்டர்னை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொடுக்க முடியும், ஆனால் நாலு பட்டனைக் கழற்றி, நடுவிலிருந்து ஒதுக்கி, பிறகு ஒரு கையால் காஜாவைத் தேடி மாட்டுவது பெரும்பாடு. சட்டைதான் வேண்டும் என்றால் காஜாவுக்குப் பதில் பிரஸ் பட்டன் வையுங்கள், பாயிண்டுக்கு நேராக ஒன்று கட்டாயம் வரட்டும். அங்கே பட்டன் இல்லாத சட்டை நிறைந்த மார்பில் வாய் பிளக்கும். வீட்டில் போடும் நைட்டிக்கு மட்டும் நான் ஜிப் மடல் எதுவும் யோசிப்பதில்லை. தோளை ஒட்டிய தனித் துண்டான யோக்குக்குக் கீழே சுருக்கம் வைத்த நைட்டியில், அந்த யோக் தையலிலேயே இரண்டு பக்கமும் 7 இன்ச் திறந்து, மேலே ஒரு ஃப்ரில் தைத்து மறைத்துவிட்டால் போதும். யோக் தையல் மிக உயரத்தில் இருந்தால் பாயிண்டுக்கு 2 இன்ச் மேலே வரும்படி முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிர் நிற ஒற்றைக் கலர் வேண்டாம். பால் கசிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது வெளிர் சாம்பல் நிறம்தான். நெருக்கமான பிரிண்ட் எதையும் மறைக்கும். மார்பிடத்தில் அதே துணியில் ஓரடுக்கு லைனிங் கொடுத்தால் கசிவு வெளியே வர நேரமாகும். பருத்தியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். இந்த உடுப்பு வாரத்தில் மூன்று முறை துவைபடப் போகிறது, தைத்த பிறகு சுருங்கினால் ஜிப் நெளிந்துவிடும். பால் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீரில் போட்டால் புரதம் துணியிலேயே இறுகிக்கொள்ளும். மணி, சமிக்கி, நீளக் கயிறு எதுவும் கழுத்தருகே வேண்டாம், நாலு மாதத்தில் எல்லாம் குழந்தையின் வாயில் இருக்கும். பிரஸ் பட்டனையும் இழுத்துப் பார்த்துத் தையுங்கள்.

இத்தனை வேலை சில மாதத்துக்குத்தானே என்று தோன்றலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்குப் பின்னும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவ்வளவு நாள் கொடுப்பதாக இருந்தால் இது இரண்டு வருட உடுப்பு. ஒரு வயதுக் குழந்தை தானே மடலைத் தூக்கக் கற்றுக்கொள்ளும் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். அந்த வயதில் வெளியே போகும்போது ஜிப் வைத்ததுதான் பாதுகாப்பு.

தைக்கும் வரிசை என்று கேட்டால், உங்களிடம் இருப்பவற்றில் மிகத் தளர்வான டாப்ஸ் பேட்டர்னை எடுத்து, பழைய படுக்கை விரிப்பில் இரண்டடுக்கு முறையில் ஒன்று தையுங்கள். ஓரம் அடிக்க வேண்டாம், எலாஸ்டிக்கைக் கையால் ஓட்டினால் போதும். ஒரு நாள் முழுக்க வீட்டில் போட்டுப் பால் கொடுத்துப் பாருங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே துணி குழந்தையின் மூக்கில் விழுகிறது என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து, காகிதத்தில் திருத்திவிட்டு நல்ல துணியை வெட்டுங்கள். பிரின்சஸ் கட் ஜிப்பை அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பால் மறந்த பிறகு ஜிப்பைப் பிரித்து அந்தத் தையலை நேராக மூடிவிட்டால் அது பழையபடி சாதாரண டாப்ஸ்தான். மடல் வைத்ததைப் பிரிக்கவே தேவையில்லை, எலாஸ்டிக் விளிம்பை மடலோடு சேர்த்து உட்புறம் நாலு இடத்தில் கையால் பிடித்துவிட்டால் போதும்.